ஜெர்மன்காரங்க 'கேம் ஆடுறேன்'னு எப்படி சொல்லுவாங்க? ட்ஸொக்கன், டாடெல்ன், ஸுக்டன்

களியக்காவிளை_தம்பி:
எல்லாருக்கும் வணக்கம். நர்சிங் முடிச்சிட்டு பாறசாலைல ஜெர்மன் கிளாஸ் போறேன், பி1ங்கிற நடுத்தர நிலை மொழிப் பரீட்சை எழுதணும். பொழுதுபோக்கு பத்தி பேச கிளாஸ்ல 'ஷ்பீலன்' (விளையாடுறது) மட்டும்தான் சொல்லித் தாறாங்க. ஆனா ராத்திரி எனக்க கூட ஆன்லைன்ல ஆடுற ஜெர்மன் பசங்க ஒருத்தன் ட்ஸொக்கன்ங்குறான், ஒருத்தன் டாடெல்ன்ங்குறான், ஞாயித்துக்கிழமை முழுக்க ஆடுனா கெஸுக்டெட்ங்குறான். என்ன வித்தியாசம், எத பரீட்சைல சொல்லலாம்?

ஹாம்பர்க்_அக்கா:
தம்பி, ஷ்பீலன் எங்கயும் சொல்லலாம், பரீட்சைக்கு அதே போதும். பசங்க வாயில எப்பவும் வர்றது ட்ஸொக்கன்தான், "பொக் அவுஃப் னெ ருண்டெ ட்ஸொக்கன்?"னு கேட்டா ஒரு ரவுண்டு போடலாமா, மூடு இருக்கான்னு அர்த்தம். ஆனா அதுக்கு பழைய அர்த்தம் காசு வச்சு சூதாடுறது, ஐரோப்பிய யூதர்கள் பேசுற யிடிஷ் மொழி வழியா வந்த சொல்லு, இன்னைக்கும் ஷேர் மார்க்கெட்ல துணிஞ்சு காச கொட்டுறவன பேப்பர்ல ட்ஸொக்கர்னு எழுதுவாங்க. அதனால ஆஸ்பத்திரி இன்டர்வியூல "நான் ஒரு ட்ஸொக்கர்"னு மட்டும் சொல்லிராத, வயசானவங்க வேற மாதிரி எடுத்துக்கிடுவாங்க. டாடெல்ன் லேசான சொல்லு, வடக்குப் பக்கத்துல இருந்து வந்தது, பஸ்ஸுக்கு நிக்கும்போது சும்மா போன்ல ஏதாச்சும் ஆடிட்டு இருப்போம்ல, அது.

பாலக்காட்டுத்_தமிழன்:
ஸுக்டன் பத்தி நான் சொல்றேன், நீங்க கேட்ட கெஸுக்டெட் அதோட இறந்தகால வடிவம்தான். ஸுக்ட்னா போதை, விட முடியாத பழக்கம். அதையே வினையாக்கிட்டாங்க, சோறு தண்ணி இல்லாம ஒரே கேம்ல கிடக்குறதுக்கு. ஒரு சீரிஸ் முழுசையும் ஒரே மூச்சுல பாத்தாலும் டுர்ஹ்கெஸுக்டெட்தான். இதுல 'ஸு' குறில், நெடிலாக்கி ஸூக்டெனு சொன்னா 'தேடினேன்'னு ஆயிரும், தமிழ் காதுக்கு இது ஈஸியா பிடிபடும்.

ஆனா ஒண்ணு, நீங்க நர்ஸா போறீங்கன்றதால சொல்றேன், ஃப்ரெண்ட்ஸ் கிட்ட சிரிச்சுக்கிட்டு சொல்ற இந்த சொல்ல பேஷன்ட் கிட்டயோ அவங்க வீட்டாளுங்க கிட்டயோ சொல்லவே கூடாது. கேம் ஆட்டத்த விட முடியாம தவிக்கிறத உலக சுகாதார நிறுவனம் ஐசிடி-11 நோய்ப்பட்டியல்லயே சேத்திருக்கு, 2022 ஜனவரில அந்தப் பட்டியல் நடைமுறைக்கு வந்துச்சு. பிள்ள சாப்பிடாம தூங்காம கிடக்கான்னு அழுற அம்மா முன்னாடி அது விளையாட்டு வார்த்தை இல்ல. அங்க கம்ப்யூட்டர்ஷ்பீல்ஸுக்ட்னு நேராவே சொல்லுங்க.

களியக்காவிளை_தம்பி:
ரெண்டு பேருக்கும் ரொம்ப நன்றி, பேஷன்ட் விஷயம் யோசிக்கவே இல்ல. கடைசியா ஒண்ணு, கேம முழுசா முடிச்சிட்டேன்னு எப்படி சொல்லணும்?

ஹாம்பர்க்_அக்கா:
"இஹ் ஹாப்ஸ் டுர்ஹ்." அவ்வளவுதான், புக்கு படிச்சு முடிச்சாலும் இதேதான். பரீட்சைல முழுசா டுர்ஹ்கெஷ்பீல்ட்னு சொல்லு, பசங்க கிட்ட டுர்ஹ்கெட்ஸொக்ட்.