பெரிய டாங்கிக்குள் உள்ளறை கட்டுவது: எங்கே தொடங்குவது?

இரும்புச்சக்கரம்:
வார்ஹாமர் 40,000 என்ற பொம்மைப் போர் விளையாட்டின் பேன்பிளேட் டாங்கி ஒன்று கையில் இருக்கிறது, 2007-இல் வந்த அந்த பிளாஸ்டிக் கிட்தான், இன்னும் எதையும் ஒட்டவில்லை. வெளியே அவ்வளவு நுணுக்கம், ஆனால் டரட்டை (பீரங்கியோடு சுழலும் மேல்பகுதி) தூக்கினால் உள்ளே காலி. பீரங்கியின் பின்பகுதி, குண்டு அடுக்கும் தட்டுகள், இருக்கைகள், ஒரு சின்ன விளக்கு என்று முழு உள்ளறையையும் பிளாஸ்டிக் தகட்டிலேயே கட்ட ஆசை. விளையாட்டு மேசையிலும் இறக்க வேண்டும், அலமாரியில் மட்டும் நிற்கக் கூடாது. எங்கே திறப்பு வைப்பது, அளவை எதை வைத்துப் பிடிப்பது, எதற்கு முதலில் பெயின்ட் அடிப்பது?

தகடுவெட்டி:
கத்தியை எடுப்பதற்கு முன்னால் எல்லாவற்றையும் டேப் போட்டு நிறுத்திப் பாருங்கள். எந்தத் தகட்டை ஒட்டாமல் மூடியாக விடலாம் என்பது அப்போதே தெரிந்துவிடும். மூடிக்குச் சின்ன நியோடிமியம் காந்தங்கள் போதும், ஆனால் ஒட்டும்முன் எந்தப் பக்கம் ஈர்க்கிறது என்று மார்க்கரில் குறித்துக்கொள்ளுங்கள்.

அப்புறம் முக்கியமான விஷயம், உள்ளறையை உடலுக்குள்ளேயே கட்டாதீர்கள். தரையும் சுவர்களும் சேர்ந்த ஒரு தொட்டியாக வெளியே தனியாகக் கட்டி, கடைசியில் உள்ளே இறக்குங்கள். முதலில் அட்டையில் வெட்டிப் பார்த்து, அது சரியாக உட்கார்ந்த பிறகு தரைக்கு 1 மி.மீ. தகடு, பேனல்களுக்கு 0.5, ரிவெட் பட்டைகளுக்கு 0.25 எடுத்தால் போதும். வெளியே இருப்பதால் தூரிகை எல்லா மூலைக்கும் போகும், பெயின்ட் முழுவதையும் முடித்துவிட்டே உள்ளே வைக்கலாம்.

சிறுதுளை:
அளவைப் பற்றி நான் சொல்கிறேன். இந்த விளையாட்டின் 28 மி.மீ. பொம்மைகளை ஏறத்தாழ 1:56, அதாவது நிஜத்தில் 56-இல் ஒரு பங்கு, என்று வைத்துக்கொண்டால், நிஜத்தில் 45 செ.மீ. உயர இருக்கை 8 மி.மீ. வரும். ஆனால் கணக்கை மட்டும் நம்பாதீர்கள். இந்தப் பொம்மைகளுக்குத் தலையும் கையும் பெரியவை, கால் குட்டை. 0.5 மி.மீ. கம்பியில் கைப்பிடி வைத்தால் கணக்குப்படி சரிதான், அந்தத் தடித்த விரல்களுக்குப் பக்கத்தில் நூல் மாதிரி தெரியும். 0.8 அல்லது 1 மி.மீ. எடுங்கள். ஒரு வீரனை எப்போதும் பக்கத்தில் நிறுத்திக்கொண்டே கட்டுங்கள்.

1:35 ராணுவ கிட்டின் மிச்சப் பாகங்களில் குழாயும் பெட்டியும் உதவும். இருக்கை, ஸ்டியரிங் போல மனிதன் தொடும் எதையும் அதிலிருந்து எடுக்காதீர்கள், பெரிதாகத் தெரியும்.

விளக்குப்பூச்சி:
வெளிச்சத்துக்குச் சிவப்பு எல்இடி போடுங்கள். நிஜ டாங்கிகளிலும் இருட்டுக்குப் பழகிய கண் கூசாமலிருக்கச் சிவப்பு விளக்கு உண்டு, பார்க்கவும் அருமையாக இருக்கும். சிவப்புக்குச் சுமார் 2 வோல்ட் போதும் என்பதால் காசு வடிவ 3 வோல்ட் சிஆர்2032 பேட்டரி ஒன்றும் 220 ஓம் ரெசிஸ்டரும் வைத்தால் வேலை முடிந்தது. வெள்ளைக்கு 3 வோல்ட் அளவுக்கு வேண்டும், பேட்டரி கொஞ்சம் இறங்கினாலே மங்கிவிடும். உடலின் உட்பக்கத்துக்கு முதலில் கெட்டியாகக் கறுப்பு அடித்துவிடுங்கள், இல்லாவிட்டால் பிளாஸ்டிக்கே ஒளிரும்.

கண்ணாடிப் பாகங்களுக்குப் பக்கத்தில் சூப்பர் குளூ வேண்டவே வேண்டாம், அதன் ஆவி படிந்து வெள்ளைப் புகை மாதிரி பூத்துவிடும். வெள்ளைப் பசை போதும். தகடுகளை அடுக்கி ஒட்டும்போது பிளாஸ்டிக் சிமென்டை (பிளாஸ்டிக்கைக் கரைத்து ஒட்டும் பசை) குறைவாகத் தொடுங்கள், உள்ளே அடைபட்ட கரைப்பான் நாள் கழித்துத் தகட்டை நெளிய வைக்கும். அது வெளியேற, கண்ணுக்குப் படாத பக்கத்தில் ஓரிரு துளை போட்டு வையுங்கள்.

ஒன்று மட்டும் தகடுவெட்டியுடன் ஒத்துப்போக முடியவில்லை. முழுத் தொட்டி எதற்கு? திறப்பு வழியே கண் போகும் இடத்தை மட்டும் கட்டினால் போதும், மீதி நேரத்தை அந்த இடத்துக்கே கொடுக்கலாம்.

தகடுவெட்டி:
டரட் உட்காரும் வட்டத் துளை மட்டும் திறப்பு என்றால் நீங்கள் சொல்வது சரி. மேல்தளமே கழன்று வருமானால் பார்ப்பவர் கட்டாயம் மூலைவரை எட்டிப் பார்ப்பார்.

இரும்புச்சக்கரம்:
மேல்தளத்தையே மூடியாக்குகிறேன், அப்படியானால் தொட்டிதான். டரட்டும் சுழல வேண்டும், பீரங்கியின் பின்பகுதி தரையில் இடிக்காதா?

சிறுதுளை:
பின்பகுதியை டரட்டோடு ஒட்டுங்கள், தரையோடு அல்ல. முழுச் சுற்றும் சுற்றிப் பார்த்து, அது இடிக்காத இடத்தில் மட்டும் குண்டுத் தட்டுகளை வையுங்கள். குழல் மேலே தூக்கும்போது பின்பகுதி கீழே இறங்கும், அதையும் அட்டை மாதிரியிலேயே பார்த்துவிடுங்கள்.