ஏஸ் பெய்லி ஏமாற்றவில்லையாம்! அப்படியானால் 15-17 யார் கணக்கு?

ராரிட்டன்கரை:
பக்கத்துத் திரியில் பேஸ்லைன் பாலா எழுதியதைப் படித்ததிலிருந்து வயிறு எரிகிறது, அதனால்தான் இந்தத் தனித் திரி. அவர் சொன்னது இது: ஏஸ் பெய்லி நம்ம நியூ ஜெர்சி ரட்கர்ஸ் கல்லூரிக் கூடைப்பந்து அணியில் தன் வேலையைச் சரியாகத்தான் செய்தான், ஆட்டத்துக்கு 17.6 பாயிண்ட் எடுத்தான், என்பிஏ அணிகள் புது ஆட்களைத் தேர்ந்தெடுக்கும் டிராஃப்டில் 5-ஆவது ஆளாக யூட்டாவுக்குப் போனான், மற்றதெல்லாம் ரசிகர்களின் பேராசை.

பேராசையா? 2024-25 சீசன் தொடங்கும்போது கல்லூரி அணிகளை வரிசைப்படுத்தும் ஏபி பட்டியலில் எங்களுக்கு 25-ஆவது இடம் கொடுத்தது நாங்களா? அந்த வருடம் பள்ளி முடித்து வந்தவர்களில் கூப்பர் ஃபிளாக்குக்கு அடுத்த இரண்டு பேர், டிலன் ஹார்ப்பரும் ஏஸ் பெய்லியும், டியூக் கென்டக்கி என்று போகாமல் ரட்கர்ஸ் இருக்கும் நம்ம பிஸ்கடவேக்கு வந்தார்கள். எடிசனில் கிரிக்கெட் மட்டுமே பேசிக்கொண்டிருந்த மாமாக்கள்கூட டிக்கெட் எங்கே கிடைக்கும் என்று கேட்டார்கள். கடைசியில் 15 வெற்றி, 17 தோல்வி. இவர்கள் இல்லாத முந்தைய வருடம் எவ்வளவு தெரியுமா? அதுவும் 15-17. இரண்டு பேர் வந்தும் ஒரு வெற்றிகூடக் கூடவில்லை.

இதில் பெய்லியின் பங்கு என்ன என்று கேட்டால் ஒரே ஒரு எண் சொல்கிறேன். ஆட்டத்துக்கு 1.3 அசிஸ்ட், அதாவது கூடையில் முடிந்த பாஸ். 30 ஆட்டம் ஆடி மொத்தமே நாற்பது பக்கம். இரண்டு பேர் மேலே விழுந்து மறித்தாலும் பக்கத்தில் சும்மா நிற்பவன் கையில் பந்தைக் கொடுக்க மாட்டான், எம்பிப் பின்னால் சாய்ந்து ஒரு ஷாட். போனால் போகட்டும், விழுந்தால் யூடியூபுக்கு ஆச்சு. பாலா சார் இந்த 1.3-க்குப் பதில் சொல்லிவிட்டு மேலே பேசட்டும்.

பேஸ்லைன் பாலா:
என் பெயரைப் போட்டே திரியா, நன்றி அண்ணே. ஆனால் நான் எழுதியதில் பாதியை விட்டுவிட்டீர்கள். 17.6 பாயிண்டோடு 7.2 ரீபவுண்ட் (தவறிய ஷாட்டில் பிடித்த பந்து) என்றும் எழுதியிருந்தேன். 18 வயதுப் பையன், பிக் டென் மாதிரி முரட்டுக் கல்லூரி லீக்கில்.

சரி, உங்கள் 1.3-க்கே வருவோம். நீங்கள் பாஸ் கொடுத்து, வாங்கியவன் அதைக் கூடையில் போட்டால்தான் உங்கள் பெயரில் ஒரு அசிஸ்ட் ஏறும். வாங்கியவன் தவறவிட்டால் பூஜ்யம். அந்த அணியில் வெளியிலிருந்து நம்பிப் போடக்கூடியவர் எத்தனை பேர்? மெரிமாக்கிலிருந்து ஒருவர், ஈஸ்டர்ன் மிச்சிகனிலிருந்து ஒருவர், பிரின்ஸ்டனிலிருந்து ஒருவர் என்று டிரான்ஸ்ஃபர் சந்தையில் பொறுக்கிச் சேர்த்த அணி அது. எதிரணிகள் எல்லாம் உள்ளே சுருங்கி நின்று "வெளியே இருந்து போடு பார்க்கலாம்" என்றே விட்டுவைத்தன. இதற்குப் பையனைத் திட்டுவதா, அணியைச் சேர்த்த கோச் பைக்கெலைத் திட்டுவதா? இண்டியானாவில் ஜனவரியில் 39 பாயிண்ட் எடுத்தானே, அன்று மற்றவர்கள் என்ன செய்தார்கள்?

ராரிட்டன்கரை:
அந்த 39-ஐ எடுத்து நீங்களே கொடுத்ததற்கு நன்றி. ஆட்டம் 84-74, தோல்வி. ஒருவன் 39 எடுத்தும் பத்து பாயிண்டில் தோற்கும் அணி எப்படிப்பட்டது? பந்து சுற்றாத அணி. ஏன் சுற்றவில்லை? 1.3.

அப்புறம் "பாஸ் வாங்கியவன் போடவில்லை" என்ற கதை. அதே ஆட்களோடுதான் ஹார்ப்பரும் ஆடினான், அவனுக்கு 4.0 அசிஸ்ட். ஹார்ப்பர் பாஸ் கொடுத்தால் கூடையில் விழுகிறது, பெய்லி கொடுத்தால் விழாதா? பந்துக்கு யார் கொடுத்தார் என்று தெரியுமா பாலா சார்?

மேல்வரிசை மீனா:
ஹார்ப்பர் கார்ட், பந்தே அவன் கையில்தான் தொடங்கும். பெய்லி ஃபார்வர்டு, பந்து அவனிடம் வரும்போது ஷாட் போடக் கொடுத்த நேரத்தைக் காட்டும் கடிகாரத்தில் எட்டு பத்து நொடிதான் மிச்சம் இருக்கும். இரண்டு பேரின் அசிஸ்டையும் பக்கத்தில் வைத்து ஒப்பிடுவது எந்த ஊர் நியாயம் என்று தெரியவில்லை.

யாரும் பேசாத இன்னொன்றும் இருக்கிறது. பெய்லி தொடக்கத்திலேயே இரண்டு ஆட்டம் உட்கார்ந்தான். ஜனவரியில் ஹார்ப்பருக்குக் காய்ச்சல், அதன் மேல் கணுக்கால். இருவரும் முழு உடம்போடு சேர்ந்து ஆடிய நாட்களே குறைவு. ஆனால் அதற்கு முன்பே, நவம்பரில், கென்னசா ஸ்டேட்டிடம் 79-77 என்று தோற்றோமே, அதை என்னாலும் மன்னிக்க முடியாது. பெய்லியின் சொந்த ஊர்ப்பக்கம் ஆடலாம் என்று ஜார்ஜியாவரைக்கும் அணியைக் கூட்டிப்போய் வாங்கிக் கட்டிக்கொண்டு வந்தார்கள்.

ஹால்காரன்:
பாப்கார்ன் ரெடி. 15-17-க்கு இவ்வளவு பேச்சா. கென்னசாவிடம் தோல்வி, பிரின்ஸ்டனிடம் 83-82 தோல்வி, அதில் "எதிர்பார்ப்பு" வேறு. ஜெர்சியில் நிஜமான கூடைப்பந்து பார்க்க வேண்டுமென்றால் நெவார்க் வாருங்கள்.

ராரிட்டன்கரை:
வாங்க ஹால்காரரே. அந்த சீசன் உங்கள் நெவார்க் அணி சீட்டன் ஹால் எவ்வளவு? 7-25. ஏழு. டிசம்பரில் அந்த ஏழையும் எட்டாக விடாமல் கடைசி நொடியில் மூன்று பாயிண்ட் போட்டு 66-63 என்று முடித்து அனுப்பியது யார்? ஹார்ப்பர். கவனியுங்கள், ஹார்ப்பர். பெய்லி இல்லை. நான் சொல்வதும் அதைத்தான்.

ஹால்காரன்:
2022-ல் எங்கள் அணி நாடு தழுவிய என்சிஏஏ டோர்னமென்ட் போன கதையை நீங்கள் பேச மாட்டீர்களே.

பேஸ்லைன் பாலா:
2022-ல் நாங்களும்தான் போனோம். நாட்டர் டேமிடம் இரண்டு ஓவர்டைம் ஆடித் தோற்றோம், 89-87. ஹால்காரர் முதலில் ஏழிலிருந்து எட்டுவரை எண்ணக் கற்றுக்கொண்டு வரட்டும். (இதில் மட்டும் ராரிட்டன் அண்ணனோடு நான் ஒரு கட்சி.)

விசில்_ஊதி:
ஒரு சின்ன வேண்டுகோள். "ஏமாற்றினான்" என்பதை எதை வைத்து அளக்கிறோம்? அணியின் வெற்றியா, அவனுடைய எண்களா, வரும்போது கொடுத்த தரவரிசையா? அதை முதலில் பேசி முடித்துவிட்டால் பாதிச் சண்டை தீரும்.

ராரிட்டன்கரை:
1.3-ஐ வைத்து அளக்கிறோம்.

சரித்திரத்தையும் சொல்கிறேன், எல்லோரும் கேட்டுக்கொள்ளுங்கள். 2015-16-ல் எல்எஸ்யூவில் (லூசியானா ஸ்டேட்) பென் சிம்மன்ஸ். அவனும் இப்படித்தான், ஊரே எதிர்பார்த்த பையன். ஷாட் போடப் பயப்படுவான், 33 ஆட்டத்தில் மூன்றே மூன்று முறைதான் மூன்று பாயிண்ட் முயற்சி செய்தான், கிண்டல் செய்யலாம். ஆனால் 19.2 பாயிண்ட், 11.8 ரீபவுண்ட், கூடவே 4.8 அசிஸ்ட். பெரிய ஆள் என்றால் பக்கத்தில் இருப்பவனையும் ஆட வைக்க வேண்டும். பெய்லி பக்கத்தில் இருப்பவனைப் பார்த்ததுகூட இல்லை.

பேஸ்லைன் பாலா:
அண்ணே, இதை நீங்களே எழுதினீர்களா, இல்லை உங்கள் கணக்கை யாராவது திருடிவிட்டார்களா? சிம்மன்ஸின் எல்எஸ்யூ அந்த வருடம் 19-14, என்சிஏஏ டோர்னமென்ட் பக்கமே போகவில்லை. எஸ்இசி லீக் டோர்னமென்ட் அரையிறுதியில் டெக்சாஸ் ஏ அண்ட் எம் 71, எல்எஸ்யூ 38. முப்பத்தெட்டு! 4.8 அசிஸ்ட் கொடுத்தவன் இருந்த அணி எடுத்தது 38 பாயிண்ட். அடுத்த வருடம் சியாட்டிலின் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் மார்கெல் ஃபுல்ட்ஸ், 23.2 பாயிண்ட், 5.9 அசிஸ்ட். அணி 9-22, கோச் ரோமருக்கு வேலை போனது. இவர்கள் இருவரும் டிராஃப்டில் முதல் ஆள்.

அசிஸ்ட் கொடுத்தவர்களும் தோற்றார்கள், கொடுக்காதவனும் தோற்றான். அப்புறம் உங்கள் 1.3 எதை நிரூபிக்கிறது?

ராரிட்டன்கரை:
திசை திருப்ப வேண்டாம். லூசியானாவில் என்ன நடந்தது, சியாட்டிலில் என்ன நடந்தது என்பதா இங்கே பேச்சு? திரியின் தலைப்பைப் படியுங்கள்.

மேல்வரிசை மீனா:
லூசியானாவை இழுத்து வந்ததே நீங்கள்தானே அண்ணா.

நீலச்சட்டை:
நீங்கள் எல்லாரும் எதற்கு இப்படி அடித்துக்கொள்கிறீர்கள். அந்த வருடம் பள்ளி முடித்தவர்களில் முதல் ஆள் ஃபிளாக் எங்கள் டியூக்குக்கு வந்தான், என்சிஏஏ டோர்னமென்டில் இறுதி நான்குக்குப் போனோம், டிராஃப்டிலும் முதல் ஆள். நல்ல இடத்துக்குப் போனால் திறமை தானாக வெளியே வரும். பிஸ்கடவேக்குப் போனால் இப்படித்தான்.

மேல்வரிசை மீனா:
இறுதி நான்கில் ஹூஸ்டனிடம் என்ன ஆனது என்பதையும் எழுதியிருக்கலாமே சார். கடைசி நிமிடத்தில் ஆறு பாயிண்ட் முன்னால் இருந்து 70-67 என்று தோற்ற அணியின் ரசிகர் எங்களுக்கு ஆறுதல் சொல்கிறார். 2019-லும் ஸயான், பாரெட், ரெடிஷ் என்று நாட்டின் முதல் மூன்று பேரையும் வைத்துக்கொண்டு மிச்சிகன் ஸ்டேட்டிடம் ஒரே ஒரு பாயிண்டில் விழுந்தது யார்? அதில் கேம் ரெடிஷ் நூறு ஷாட்டுக்கு 36 கூடப் போடவில்லை, அவனும் 10-ஆவது ஆளாக டிராஃப்டில் போனான். ஏமாற்றத்தின் தலைமையகமே உங்கள் ஊர்.

நீலச்சட்டை:
ஒரு பாயிண்டில் தோற்பதும் 17 முறை தோற்பதும் ஒன்றா? எங்களிடம் ஐந்து கோப்பை இருக்கிறது. உங்களிடம்?

ராரிட்டன்கரை:
1976-ல் ஒரு தோல்வியும் இல்லாமல் இறுதி நான்குக்குப் போன அணி எங்களுடையது. போய் விசாரியுங்கள்.

நீலச்சட்டை:
1976. சரிங்க தாத்தா.

மூணுபாயிண்ட்_முத்து:
எல்லோரும் ஒன்றை மறந்துவிட்டீர்கள். பையனின் உயரம்! ரட்கர்ஸ் பட்டியலில் 6 அடி 10 அங்குலம் என்று இருந்தது. டிராஃப்டுக்கு முன் செருப்பில்லாமல் அளந்தபோது 6 அடி ஏழரை. இரண்டரை அங்குலம் எங்கே போனது? நாம் எதிர்பார்த்தது ஆறு பத்து, வந்தது ஆறு ஏழரை. ஏமாற்றம் அங்கேயே தொடங்கிவிட்டது.

பேஸ்லைன் பாலா:
கல்லூரிப் பட்டியலில் உயரத்தைக் கூட்டிப் போடாத அணி அமெரிக்காவில் இருக்கிறதா? ஷூ, சாக்ஸ், கொஞ்சம் முடி, எல்லாம் சேர்த்துத்தான் எழுதுவார்கள். இதுவும் அவன் தப்பா?

ராரிட்டன்கரை:
உயரம் எனக்கு முக்கியமில்லை முத்து, ஆறு ஏழரையிலிருந்தும் பாஸ் கொடுக்கலாம்.

பாலா சாரின் நம்பகத்தன்மை பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டியிருக்கிறது. 2024-ல் கூடைக்குப் பக்கத்தில் நிற்கும் எங்கள் சென்டர் க்ளிஃப் ஒமோருயி அலபாமாவுக்குக் கிளம்பியபோது இங்கே "நல்லது, பெய்லிக்கு இடம் காலியானது" என்று எழுதிய மகான் இவர்தான். அப்புறம் லாஸ் வேகஸில் அதே அலபாமாவோடு ஆடினோம், ஹார்ப்பர் ஒற்றை ஆளாக 37 எடுத்தான், 95-90 தோல்வி. எதிரணியில் யார் நின்றார்? க்ளிஃப். உள்ளே நின்று பந்து பொறுக்க ஆள் இல்லாமல் சீசன் முழுக்கத் திணறினோம், அன்று கைதட்டியவர் இன்று "அணியைச் சேர்த்த பைக்கெலைத் திட்டுங்கள்" என்கிறார்.

பேஸ்லைன் பாலா:
எழுதினேன், இன்றும் அதில் மாற்றம் இல்லை. போகிறவனைக் கட்டிப்போட முடியாது என்றும் அதே பதிவில் எழுதியிருந்தேன், அதை வசதியாக விட்டுவிட்டீர்கள். ஆனால் பாருங்கள், சென்டர் இல்லாததுதான் காரணம் என்று நீங்களே இப்போது சொல்லிவிட்டீர்கள். அப்படியானால் பெய்லி எங்கிருந்து குற்றவாளி ஆனான்?

ராரிட்டன்கரை:
சென்டர் இல்லை என்றால் இன்னும் அதிகமாகப் பாஸ் கொடுக்க வேண்டும். கொடுத்தானா? 1.3. அவன் தடுத்த ஷாட்டும் ஆட்டத்துக்கு 1.3. எதிரணிக்காரன் ஷாட்டைத் தட்டிவிட்ட அளவுக்குத்தான் சொந்த அணிக்காரனுக்கு உதவியிருக்கிறான், யோசித்துப் பாருங்கள். ஹார்ப்பர் வீட்டில் வளர்ப்பு வேறு. அவன் அண்ணன் ரான் ஜூனியர் 2021 டிசம்பரில் முதலிடத்தில் இருந்த பர்டியூவை மைதானத்தின் நடுவிலிருந்து எறிந்து 70-68 என்று சாய்த்தான், அந்த இரவு ஜெர்சி மைக்ஸ் அரீனாவில் இருந்தவர்களுக்குத்தான் தெரியும் இந்த அணி எங்களுக்கு என்னவென்று. நட்சத்திரம் இல்லாத அந்த அணியைப் பார்த்தவர்களிடம் வந்து "5-ஆவது பிக், திருப்திப்படு" என்றால் எப்படி? டிராஃப்ட் யூட்டாவின் சந்தோஷம். அதுவும் டிராஃப்டுக்கு முன் எந்த அணிக்கும் போய்ப் பயிற்சி ஆடிக் காட்ட மாட்டேன் என்று ஒரு பந்தா. பிலடெல்பியாவை நம்பவைத்துக் கடைசியில் போகவே இல்லை.

மேல்வரிசை மீனா:
அது அவனுடைய ஏஜென்ட் விவகாரம், கல்லூரி ஆட்டத்துக்கும் அதற்கும் என்ன சம்பந்தம்? திரியின் தலைப்பைப் படியுங்கள் என்று சொன்னது யார்?

மூணுபாயிண்ட்_முத்து:
இரண்டரை அங்குலத்துக்கு இன்னும் யாரும் பதில் சொல்லவில்லை.

பேஸ்லைன் பாலா:
அண்ணே, பிக் டென் டோர்னமென்டின் முதல் ஆட்டத்திலேயே யூஎஸ்சியிடம் இரண்டு ஓவர்டைம் போய் 97-89 என்று வெளியேறினோமே, அந்தப் பத்து நிமிட ஓவர்டைமை மறுபடி போட்டுப் பாருங்கள். யாருக்குக் கால் இழுத்தது, யார் தடுக்காமல் நின்றார்கள் என்று பாருங்கள். பார்த்துவிட்டு அசிஸ்ட் பேசலாம்.

ராரிட்டன்கரை:
பார்த்தேன். இன்றிரவு மறுபடி பார்த்து, பெய்லி கையில் பந்து வந்த ஒவ்வொரு முறையும் என்ன செய்தான் என்று நிமிடம் போட்டு இங்கேயே எழுதுகிறேன். ஓடிப்போகாமல் இருங்கள்.

ஹால்காரன்:
முழு சீசனுக்கும் எழுதுங்கள் அண்ணே, எங்களுக்கு வேறு வேலை இல்லை.

ராரிட்டன்கரை:
உங்களுக்கு எழுத ஏழு ஆட்டம்தான் இருக்கிறது, சீக்கிரம் முடிந்துவிடும்.