தோட்டத்து உச்சியில காத்தாலை வரப்போகுதாம், சர்வேக்கு வர்றவங்ககிட்ட நாங்க என்ன கேக்கணும்?

மலைச்சாரல் எழுதியது:

எல்லாருக்கும் வணக்கம். நான் நுவரெலியா மாவட்டத்துல ஒரு தோட்டத்துல இருக்கேன், தோட்டத்துப் பேரு இப்ப வேணாம். போன வருசம் எங்க மேல் டிவிஷன் உச்சியில ஒரு ஒசரமான கம்பம் நட்டாங்க, நாலு பக்கமும் கம்பி இழுத்துக் கட்டி, மேல சின்னச் சின்ன கிண்ணம் மாதிரி என்னவோ சுத்திக்கிட்டே இருக்கும். போன் டவர்னுதான் எல்லாரும் நெனச்சோம், அப்புறம்தான் காத்து அளக்குறாங்கன்னு தெரிஞ்சது. இப்ப சவுக்கு மரத்துலயெல்லாம் செவப்பு பெயிண்ட்ல நம்பர் போட்டிருக்காங்க, கவ்வாத்துச் சாமி கல்லுக்குப் பக்கத்துல நிக்கிற மரத்துலயும் சேத்து. காத்தாலை வரப்போகுதாம், ரோடு வருமாம், அவ்வளவுதான் தோட்டத் தலைவருக்கே தெரியும்.

போன செவ்வாக்கிழமை டெப் (டேப்லெட்) ஒன்னத் தூக்கிக்கிட்டு சர்வேக்குன்னு ரெண்டு பேரு எங்க லயத்துக்கு (தோட்டத்து வரிசை வீட்டுக்கு) வந்தாங்க. காலையில 10 மணி, எல்லாரும் கொழுந்துக்குப் போயிட்டாங்க, காய்ச்சல்னு படிப்பிக்கிற ஸ்கூலுக்கு லீவு போட்டிருந்த நானும் எங்க அம்மாயியும்தான் இருந்தோம். மொதக் கேள்வியே காணி உறுதி இருக்கான்னு. அம்மாயி "எங்களுக்கு ஏதுய்யா உறுதி, எங்கப்பா காலத்துல இருந்து இந்தக் காம்பராதான்"னு சொன்னிச்சு. நான் எட்டிப் பாத்தேன், 'பாதிக்கப்படும் சொத்து'ன்ற எடத்துல 'இல்லை'ன்னு தட்டிட்டு அடுத்த காம்பராவுக்குப் போயிட்டாங்க. மூணு நிமிசம் கூட இல்ல. பின்னாடி நாங்க லீக்ஸ் போட்டிருக்குற பாத்தி, மாட்டுப்பட்டி, எல்லாத்துக்கும் மேல அந்த உச்சியில இருந்து வர்ற பீலித் தண்ணி (ஊத்துல இருந்து விழுற தண்ணி), 42 குடும்பம் அதத்தான் குடிக்குது, அதப்பத்தி ஒரு வார்த்த கேக்கல.

நான் காத்தாலை வேணாம்னு சொல்லல. ஆனா பாதிப்பு இருக்கா இல்லையான்னு பாக்க வந்தவங்க எங்களயே பாக்காம போனா அந்த ரிப்போர்ட்ல என்னதான் இருக்கும்? அடுத்த மாசம் கூட்டம் வைப்பாங்கன்னு சொல்றாங்க. என்ன கேக்கணும், எந்த ஒஃபிஸுக்குப் போகணும், தெரிஞ்சவங்க சொல்லுங்க.

ஊவாக்காரன் எழுதியது:

தங்கச்சி, நான் பண்டாரவளை பக்கம். உமா ஓயா நீர்மின் திட்டத்துக்கு எங்க ஊருக்கு அடியில சுரங்கம் தோண்டினாங்க, 2014 டிசம்பர்ல உள்ள தண்ணி பீறிக்கிட்டு வந்திச்சு, அதுக்கப்புறம் மேல இருந்த கிணறு ஒன்னொன்னா வத்திச்சு, வீடுகள்ல வெடிப்பு விழுந்திச்சு. 2024 ஏப்ரல்ல 120 மெகாவாட்னு திறந்து வச்சாங்க, கரண்ட் வருது, நல்லது, ஆனா நாங்க பட்டது கொஞ்சமில்ல. காத்தாலைக்கு அந்த மாதிரி சுரங்கம் கிடையாதுதான், ஆனா நான் சொல்ல வர்றது வேற. கிணறு வத்தி நாங்க எழுதிக் குடுக்கப் போனப்ப மொதல்ல கேட்ட கேள்வி என்ன தெரியுமா, முன்னாடி எவ்வளவு தண்ணி இருந்திச்சு, எழுத்துல இருக்கா? யாருகிட்ட இருக்கும்? கிணத்துல தண்ணி இருந்தப்ப யாரு அத அளந்து வச்சாங்க.

அதனால இப்பவே செய்ங்க. பீலிக்கு கீழ 20 லீட்டர் வாளி ஒன்ன வச்சு எத்தன செக்கன்ல நிறையுதுன்னு போன்ல பாத்து ஒரு கொப்பியில எழுதுங்க, திகதி, மழ பெஞ்சதா இல்லையான்னும் சேத்து. ஒவ்வொரு ஞாயித்துக்கெழமையும். மாசம் ஒருக்கா ஜீ.எஸ் (கிராம சேவகர்) கிட்ட கையெழுத்து வாங்குங்க. லயத்துச் சுவர்ல இப்ப இருக்குற வெடிப்புக்குப் பக்கத்துல ஒரு அடிக்கோல வச்சு போட்டோ எடுங்க. ஒரு காசும் செலவில்ல, ஆனா பின்னாடி உங்க கையில இருக்குற ஒரே ஆதாரம் அதுதான்.

பேசாலைப் பொடியன் எழுதியது:

அக்கா, நான் மன்னார் தீவு. எங்கட கடற்கரையில 30 காத்தாடி நிக்குது, தம்பபவனி எண்டு பேர், மொத்தம் 103.5 மெகாவாட், 2020 கடைசியில திறந்தது. எல்லாரும் பறவையைப் பற்றித்தான் கூடக் கதைச்சவை, அது பிழை எண்டு சொல்லேல்ல, வலசை வாற பறவைக்கு எங்கட தீவு பெரிய இடம், பறவை கிட்ட வந்தால் காத்தாடியை நிப்பாட்டுறதுக்கு ராடரும் பூட்டினவை. ஆனா எங்கட சனம் முறையிடுறது வெள்ளத்தைப் பற்றி. ரோட்டும் அத்திவாரமும் போட்டு உயர்த்தினதால மழைத்தண்ணி கடலுக்கு ஓடுற வழி அடைபட்டுப் போச்சு எண்டுதான் சனம் சொல்லுது. 2025ல அடுத்த கட்டத்துக்கு சாமான் கொண்டு வரேக்க ரோட்டில இருந்து மறிச்சதும் இதுக்குத்தான், மீன்பிடிக்குந்தான். எங்கட இடம் தட்டை, உங்கட இடம் மலை, ஆனா கேள்வி ஒண்டுதான் அக்கா: தண்ணி இப்ப எந்த வழியால போகுது, ரோட்டுப் போட்ட பிறகு எந்த வழியால போகும்? மப் (வரைபடம்) ஒண்டில கீறிக் காட்டச் சொல்லுங்கோ. வாயால சொன்னா விடாதேங்கோ.

சுற்றாடல் வேலை எழுதியது:

டீச்சர், நான் இந்த மாதிரி மதிப்பீடு செய்ற குழுக்கள்ல வேல செஞ்சிருக்கேன், கொஞ்சம் நீளமா எழுதுறேன், மன்னிக்கணும்.

மொதல்ல இது எந்த அளவுத் திட்டம்னு கேட்டுத் தெரிஞ்சுக்கங்க. 1980ஆம் ஆண்டின் 47ஆம் இலக்க தேசிய சுற்றாடல் சட்டத்துக்குக் கீழ 1993ல வந்த வர்த்தமானிப்படி, 50 மெகாவாட்டுக்கு மேல இருந்தா அனுமதிக்கு முன்னாடி சுற்றாடல் மதிப்பீடு கட்டாயம். அதுக்குக் கொறவா இருந்தாலும் அறிவிச்ச வனத்துக்கு 100 மீட்டருக்குள்ள, எங்கயாவது 25 மீட்டருக்கு மேல அகலமா ஓடுற பொது ஆத்துக்கு 60 மீட்டருக்குள்ள, மண்ணரிப்புப் பிரதேசம்னு அறிவிச்ச எடத்துல வந்தா அளவு பாக்காம சட்டம் பொருந்தும். உங்க உச்சி இதுல எதுலயாவது வருதான்னு கேளுங்க. அதனால பக்கத்து வனத்திலிருந்தும் ஆத்திலிருந்தும் அவங்க போட்ட பெயிண்ட் வரைக்கும் எத்தன மீட்டர்னு அளந்து வச்சுக்கங்க, அது முக்கியம்.

அடுத்தது, ரெண்டு வகை ரிப்போர்ட் இருக்கு. முழுசான ஈ.ஐ.ஏன்னா (சுற்றாடல் தாக்க மதிப்பீடு) மூணு மொழிப் பத்திரிகையிலயும் அறிவிச்சு, 30 நாள் பொதுமக்கள் கருத்து எழுத்துல குடுக்கலாம். சின்னதான ஐ.ஈ.ஈன்னா (ஆரம்பச் சுற்றாடல் பரிசோதனை) 2000ல வந்த திருத்தத்துக்குப் பின்னாடி அந்தக் கருத்துக் காலம் கட்டாயமில்ல, ஆவணத்தப் போய்ப் பாக்கலாம், அவ்வளவுதான். ரிப்போர்ட் தயாராகி முடிஞ்சப்புறம் ஓடுறதுல பிரயோசனமில்ல, என்னென்ன ஆராயணும்னு தீர்மானிக்கிற கட்டத்துலயே கடிதம் போயிடணும். அந்தக் கடிதத்த மத்திய சுற்றாடல் அதிகார சபைக்கும் பிரதேச செயலகத்துக்கும் பதிவுத் தபால்ல அனுப்புங்க, கொப்பி ஒன்ன நீங்க வச்சுக்கங்க. பதில் இல்லன்னா 2016ல வந்த தகவல் அறியும் உரிமைச் சட்டத்துல கேளுங்க, 14 வேலை நாளுக்குள்ள குடுக்குறதா இல்லையான்னு சொல்லியாகணும். தமிழ்ல எழுதினாப் போதும்.

இப்ப விசயத்துக்கு வர்றேன். மலையில காத்தாலையவிட அதுக்குப் போற ரோடுதான் பெரிய பாதிப்புன்னு நான் நெனைக்கிறேன். மன்னார்ல நிக்கிற மெசினோட இறக்கை சுத்துற வட்டத்தோட விட்டம் 126 மீட்டர், அப்படின்னா ஒரு இறக்கை மட்டும் 60 மீட்டருக்கு மேல. அந்தளவு இறக்கைய றம்பொடை வளைவு மாதிரி ஒரு வளைவுல திருப்புறத நெனச்சுப் பாருங்க, அதுக்கப்புறம் தோட்டத்து ரோடு. வளைவ வெட்டணும், சரிவ வெட்டணும், வெட்டுன மண்ண எங்கயாவது கொட்டணும், அந்தக் கொட்டுற எடம் பெரும்பாலும் லயத்துக்கு மேல இருக்குற பள்ளமாத்தான் இருக்கும். 2014 அக்டோபர் 29 மீரியபெத்தை மண்சரிவுல என்ன நடந்திச்சுன்னு நமக்கு யாரும் சொல்லிக் குடுக்கத் தேவையில்ல, 2025 நவம்பர்ல திட்வா புயல்ல மலை மலையா சரிஞ்சதும் இன்னும் கண்ணுல நிக்குது. அதனால ஒவ்வொரு காத்தாலை நிக்கிற எடத்துக்கு மட்டுமில்ல, ரோடு முழுக்கவும், மண் கொட்டுற எடத்துக்கும் என்.பி.ஆர்.ஓவோட (தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம்) மண்சரிவு அறிக்கை வேணும்னு எழுதுங்க. உச்சியில வெடி வச்சுப் பாறைய ஒடைப்பாங்களான்னும் கேளுங்க, ஊத்து வழி மாறுறது அதுலதான்.

சத்தத்தப் பத்தி ஒன்னு சொல்றேன், இது கூட்டத்துல யாரும் சொல்ல மாட்டாங்க. 1996 இரைச்சல் ஒழுங்குவிதிப்படி மாநகர சபை, நகர சபைக்கு வெளிய இருக்குற எடத்துக்கு பகல்ல 55, ராத்திரியில 45 டெசிபல் எல்ல. உங்க தோட்டம் அதுல வரும். சமதரையில காத்து அடிச்சாத்தான் காத்தாலை சுத்தும், அதே காத்துச் சத்தம் மெசின் சத்தத்தக் கொஞ்சம் மூடிடும். மலையில அப்படியில்ல, உச்சியில காத்து பிச்சுக்கிட்டு அடிக்கும், கீழ மடக்குல இருக்குற லயத்துல எல அசையாது, அப்ப மெசின் சத்தம் அப்படியே தனியா வந்து எறங்கும். அதனால லயத்து வாசல்ல, ராத்திரியில, காத்தில்லாத நாள்ல அளக்கச் சொல்லுங்க. ஆடிக்காத்துல பகல்ல வந்து அளந்துட்டுப் போனா அந்தக் கணக்கு உங்களுக்கு உதவாது. நிழலும் அப்படித்தான், காலையில உச்சிக்கு மேக்கால, சாயந்தரம் கெழக்கால இருக்குற வீடுகள்ல இறக்கை நிழல் வெட்டி வெட்டி விழும், எத்தன நாள் எத்தன நிமிசம்னு கம்ப்யூட்டர்லயே கணக்குப் போடலாம், ரிப்போர்ட்ல இருக்கணும். பறவை, வௌவால் சர்வேய ரெண்டு மாசத்துல முடிச்சோம்னு சொன்னா ஏத்துக்காதீங்க, ஒரு முழு வருசம் வேணும். உச்சியில காத்து மேல எழும்புற எடத்துலதான் கழுகு வட்டம் போடும், மெசின வைக்க ஆசப்படுறதும் அதே எடத்துலதான். வௌவால் சாவு காத்து கம்மியா இருக்குற ராத்திரியிலதான் கூட, அந்த நேரத்துல மெசின நிப்பாட்டி வச்சா நெறையக் கொறையும், கரண்ட் நட்டம் கொஞ்சந்தான்.

கடைசியா உங்க அம்மாயிகிட்ட கேட்ட கேள்வி. காணி அரசாங்கத்தோடது, 1992க்கு அப்புறம் கம்பெனிகள் கையில, 53 வருச குத்தக. அப்ப காத்தாலைக்கு எடம் குடுக்குறது அவங்க, வாடக வாங்குறதும் அவங்க, லயத்துல நாலு தலமுறையா இருக்குறவங்க பேரு எந்தக் கட்டத்துலயும் வராது. ஆனா ரோட்டுக்குத் தேயில பிடுங்கினா பேர் (வேல நாள்) கொறையுறது யாருக்கு? மரக்கறிப் பாத்தி போனா நட்டம் யாருக்கு? இதுக்குக் கடன் குடுக்குறது ஆசிய அபிவிருத்தி வங்கி, ஐ.எஃப்.சி (உலக வங்கிக் குழுமத்துல ஒன்னு) மாதிரி ஒன்னா இருந்தா அவங்க விதிமுறையிலயே இருக்கு, உறுதி இல்லாதவங்களும் பாதிக்கப்பட்டவங்கதான், வீடு பயிர் இழந்தா நட்டஈடு, பொழப்பு போனா உதவி. அதனால கூட்டத்துல மொதல்ல எழும்பிக் கேக்க வேண்டியது, பணம் யாரு குடுக்குறாங்கன்னு.

ஹட்டன் எலக்ட்ரிசியன் எழுதியது:

எல்லாம் சரி, ஆனா ஒன்ன மறக்கக்கூடாது. 2022 மார்ச்ல ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் கரண்ட் கட் பண்ணினாங்க, என் மக மெழுகுதிரியில படிச்சா. நுரைச்சோலை நிலக்கரியில 900 மெகாவாட், அந்தப் பொகைய அங்க இருக்குற சனம் சுவாசிக்குது. காத்து நம்ம மலையில சும்மா வீசுது, அத எடுக்கத்தான் வேணும். அம்பேவல பண்ணையில 12 மெசின் வருசக்கணக்கா நின்னுச்சே, கீழ மாடு மேய்ஞ்சுச்சே. எதிர்ப்புன்னு கெளம்பிட்டா திட்டம் வேற மாவட்டத்துக்குப் போயிரும், தோட்டத்துப் பொடியன்களுக்குக் கெடைக்கிற வேலையும் போயிரும்.

சுற்றாடல் வேலை எழுதியது:

அண்ணே, நீங்க சொல்றது நியாயம். அம்பேவலய மட்டும் ஒப்பிடாதீங்க, அங்க ஒன்னு 250 கிலோவாட், 12உம் சேத்து 3 மெகாவாட்தான், மன்னார்ல ஒரே மெசின் 3.45. பண்ணைப் புல்வெளிக்குப் போற ரோடு வேற, லயத்துக்கு மேல சரிவுல வெட்டுற ரோடு வேற. வேலையப் பத்தி சொன்னீங்களே, அதையும் கூட்டத்துலயே எழுத்துல கேக்கணும், கட்டுற காலத்துல எத்தன பேர், ஓடத் தொடங்கினப்புறம் எத்தன பேர். கட்டி முடிஞ்சா அங்க வேலைக்கு விரல் விட்டு எண்ணுற ஆள்தான் வேணும். அதனால வருசா வருசம் விக்கிற கரண்ட்ல ஒரு பங்கு தோட்டத்துக்குன்னு கேளுங்க, தண்ணித் திட்டத்துக்கோ முன்பள்ளிக்கோ.

மலைச்சாரல் எழுதியது:

அண்ணே எல்லாருக்கும், தம்பிக்கும் ரொம்ப நன்றி. சுற்றாடல் வேலை அண்ணன் எழுதினத அப்படியே தலைவருக்கும் மாதர் சங்கத்து அக்காமாருக்கும் வாசிச்சுக் காட்டினேன், ரோட்டு மண்ண எங்க கொட்டுவாங்கன்ற கேள்விதான் எல்லாருக்கும் நெஞ்சுல தச்சது, ஏன்னா மூணாம் நம்பர் லயத்துக்கு மேல இருக்குற பள்ளத்துலயும் பெயிண்ட் அடிச்சிருக்காங்க, அது எதுக்குன்னு இதுவரைக்கும் எங்களுக்கு வெளங்கல. கூட்டத்த சாயந்தரம் 5 மணிக்கு அப்புறமோ ஞாயித்துக்கெழமையோ வைக்கணும், வேல நேரத்துல வேணாம், டெப்போட வந்தவங்க திரும்பி வந்து கொழுந்தெடுக்குற அம்மாமார் வீட்டுல இருக்குறப்ப கேக்கணும்னு கடிதம் எழுதிட்டோம், நாளைக்குப் பதிவுத் தபால்ல போகுது.

இன்னைக்கு ஞாயிறு, காலையில 6 மணிக்குப் பீலியில வாளிய வச்சோம், அம்மாயிதான் பிடிச்சிச்சு. 38 செக்கன். நேத்து ராத்திரி லேசா மழ. கொப்பியில எழுதியாச்சு. மூணாம் நம்பர் லயத்துப் பீலி கொழாயில வருது, வாளி வைக்க எடமில்ல, அத எப்படி அளக்குறதுன்னு யாராவது சொல்லுங்க.