மைபை ஒவ்வொரு முறையும் முதலிலிருந்தே சரிபார்க்கிறது, கேச் ஏன் பயன்படவில்லை?

தறி எழுதியது:
வணக்கம். கொஞ்சம் பெரிய பைத்தான் ப்ராஜெக்ட், டைப் செக் செய்ய, அதாவது எந்த மதிப்பு எந்த வகை என்று நிரலை ஓட்டாமலே சரிபார்க்க, மைபை. ஒரே ஒரு வரியை மாற்றினாலும் அடுத்த ஓட்டம் ஒரு நிமிடத்தை நெருங்குகிறது. முந்தைய ஓட்டத்தின் முடிவுகளைச் சேமிக்கும் கேச் ஃபோல்டர் இருக்கிறது, அதில் ஃபைல்களும் நிறைய இருக்கின்றன. டெர்மினலில் அடுத்தடுத்து இரண்டு முறை ஓட்டினால் இரண்டாவது சட்டென்று முடிகிறது. ஆனால் எடிட்டரில் எதையாவது சேமித்துவிட்டு வந்தால் மறுபடி பழைய வேகம்தான். காத்திருக்கப் பிடிக்காமல் எங்கள் குழுவில் சிலர் மைபையை ஓட்டுவதையே நிறுத்திவிட்டார்கள், என் கவலை அதுதான்.

கணுக்கால் எழுதியது:
எடிட்டர் எக்ஸ்டென்ஷனும் மைபையைத்தான் ஓட்டுகிறதா? அப்படியென்றால் அது என்னென்ன ஆப்ஷன்களோடு ஓட்டுகிறது என்று முதலில் பாருங்கள். மைபை ஒவ்வொரு மாட்யூலின், அதாவது பைத்தான் ஃபைலின், கேச்சோடும் அதைச் சரிபார்த்தபோது இருந்த ஆப்ஷன்களையும் எழுதி வைக்கும். அடுத்த ஓட்டத்தில் அவை மாறியிருந்தால் அந்தக் கேச்சைத் தூக்கிப் போட்டுவிடும். மைபையின் பதிப்பு மாறினாலும் இதே கதை. பைத்தான் பதிப்பு மாறுவதால் சிக்கல் இல்லை, ஒவ்வொன்றுக்கும் தனி உள்ஃபோல்டர் உண்டு.

ஊகிக்க வேண்டாம், விரிவான லாக் தரும் வெர்போஸ் ஆப்ஷன் கொடுத்து ஓட்டிப் பாருங்கள். எந்த மாட்யூலின் கேச்சை ஏன் ஒதுக்கியது என்று லாகிலேயே சொல்லும். 'ஆப்ஷன்ஸ் டிஃபர்' என்ற சொற்கள் வரிசையாக வந்தால் காரணம் இதுதான்.

தறி எழுதியது:
அதேதான்! எக்ஸ்டென்ஷன் தன் பங்குக்கு 'இக்னோர் மிஸ்ஸிங் இம்போர்ட்ஸ்' கொடுக்கிறது, எங்கள் கன்ஃபிக்கில் அது இல்லை. அதை நீக்கியதும் பெரும்பாலான ஃபைல்களுக்கு நல்ல வேகம். ஆனால் மாடல்கள் இருக்கும் ஃபைலில் கை வைத்தால் மட்டும் இன்னும் நேரம் எடுக்கிறது.

கணுக்கால் எழுதியது:
நல்லது. கமிட்டுக்கு முன் தானாகச் சோதனைகளை ஓட்டும் ப்ரீ-கமிட் வைத்திருந்தால் அதன் ஆப்ஷன்களையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள். எல்லா இடத்திலும் ஒரே கன்ஃபிக் இருப்பதே சிறந்தது. வேறுபட்டே ஆக வேண்டுமென்றால் ஒவ்வொன்றுக்கும் தனித் தனி கேச் ஃபோல்டரைக் காட்டுங்கள், ஒன்றின் கேச்சை இன்னொன்று அழிக்காது.

வடம் எழுதியது:
மாடல்கள் ஃபைலுக்கு என் சந்தேகம் இம்போர்ட் சுழற்சி. 'அ' ஃபைல் 'ஆ'வை இம்போர்ட் செய்ய, 'ஆ' சுற்றி வந்து 'அ'வையே இம்போர்ட் செய்தால், மைபை அந்தச் சுழலில் உள்ள எல்லாவற்றையும் ஒரே கொத்தாகத்தான் எடுத்துக்கொள்ளும். ஒன்றைத் தொட்டால் கொத்து முழுவதும் மறுபடி சரிபார்க்கப்படும். சுழல் இல்லாத இடத்தில் நிலைமை வேறு. ஒரு ஃபங்ஷனின் உள்ளே மட்டும் மாற்றி, வெளியே தெரியும் டைப்கள் அப்படியே இருந்தால், அதை இம்போர்ட் செய்பவற்றை மைபை தொடாது.

பலர் இங்கே தடுக்கி விழுவது 'டைப்_செக்கிங்' நிபந்தனைக்குள் இம்போர்ட்டை வைப்பதில். நிரல் ஓடும்போது சுழல் உடையும், சரி. ஆனால் அந்த நிபந்தனை மைபைக்கு எப்போதும் உண்மை, அதனால் அதன் கண்ணில் சுழல் அப்படியேதான் இருக்கும். பல இடங்களில் தேவைப்படும் டைப்களையும் ப்ரோட்டோகால்களையும் (ஒரு பொருளுக்கு என்னென்ன மெத்தட்கள் வேண்டும் என்று சொல்லும் டைப்கள்), ப்ராஜெக்ட்டின் வேறெதையும் இம்போர்ட் செய்யாத ஒரு மாட்யூலுக்கு நகர்த்துங்கள். சலிப்பான வேலைதான், ஆனால் டைப் செக்குக்காக மட்டுமல்லாமல் நிரலுக்காகவும் செய்யத் தகுந்தது.

அதுவரை டிமைபையைப் பயன்படுத்துங்கள், அது மைபையை டீமனாக, அதாவது பின்னணியில் தொடர்ந்து ஓடும் நிரலாக, வைத்திருக்கும். 'டிமைபை ரன்' என்று கொடுத்தால் டீமன் பின்னணியில் நிற்கும். முதல் ஓட்டம் மெதுவாகவே இருக்கும். அதன்பின் எல்லாம் நினைவகத்தில் இருப்பதால், மாறிய ஃபங்ஷன்களையும் அவற்றைச் சார்ந்தவற்றையும் மட்டும் பார்க்கும். சாதாரண ஓட்டத்துக்கு மாட்யூல்தான் அலகு, டீமன் அதைவிட நுணுக்கமாகப் பிரித்துப் பார்க்கிறது. கன்ஃபிக் மாறினால் 'ரன்' கட்டளையே டீமனை மறுபடி தொடங்கிவிடும். நினைவகம் கூடுதலாகச் செலவாகும், அதை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

தறி எழுதியது:
டீமனோடு மாடல்கள் ஃபைலும் இப்போது கண் இமைக்கும் நேரத்தில் முடிகிறது. மிக்க நன்றி. ஒவ்வொரு மாற்றத்துக்கும் தானாகச் சோதனைகளை ஓட்டும் சிஐ-யிலும் டீமன் வைக்கலாமா?

வடம் எழுதியது:
ஒவ்வொரு முறையும் புது மெஷினில் ஓடும் சிஐ என்றால் டீமனால் பயனில்லை, அது சூடேறுவதற்குள் வேலை முடிந்துவிடும். கேச் ஃபோல்டரைச் சேமித்து அடுத்த ஓட்டத்துக்குக் கொடுங்கள். கிட் களஞ்சியத்திலிருந்து புதிதாக எடுக்கும்போது ஃபைல்களின் நேரம் மாறுமே என்று பயப்பட வேண்டாம். நேரம் மாறியிருந்தால் மைபை உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடும் சுருக்க அடையாளமான ஹாஷை ஒப்பிட்டுப் பார்க்கும், அது மாறாதவரை கேச் செல்லும். கேச்சின் பெயரில் மைபை பதிப்பையும் சேர்த்துவிடுங்கள்.