அக்கா மகனின் ஐ.க்யூ. ரிப்போர்ட்: வழி சொல்லுங்கள்

வணக்கம். நாலாவது வரை தமிழ் மீடியத்தில் படித்துவிட்டு இந்த வருஷம்தான் இங்கிலீஷ் மீடியத்துக்கு மாறிய அக்கா மகனுக்கு, பெற்றோரிடம் ஒரு கையெழுத்துகூட வாங்காமல் பள்ளியிலேயே ஐ.க்யூ. டெஸ்ட் வைத்து, ரிப்போர்ட்டை எல்லா டீச்சர்களுக்கும் காட்டியிருக்கிறார்கள். கேள்விகள் எல்லாம் இங்கிலீஷில். மளிகைக் கணக்கை மனசிலேயே போட்டு மீதிச் சில்லறை சரியாக வாங்கி வருகிற பையன் அவன்! வைத்தது பினே-காமத் சோதனையாம். அதுவே முதலில் மராத்தி, கன்னடப் பிள்ளைகளுக்காகத் தழுவியது. செங்கல்பட்டு பக்கம் தமிழிலேயே சோதிக்கிற, ஆர்.சி.ஐ. (இந்திய மறுவாழ்வு கவுன்சில்) பதிவுள்ள கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட் யாரையாவது தெரியுமா? அப்புறம், மருத்துவ ஆவணங்களைக் கேட்டு வாங்க 2017 மனநலச் சட்டத்தின் 25-வது பிரிவு உரிமை தருகிறதே, அது பள்ளி வைத்த டெஸ்ட்டுக்கும் பொருந்துமா? வக்கீல்கள் இருந்தால் தயவுசெய்து சொல்லுங்கள், திங்கட்கிழமை ஹெட்மாஸ்டரைப் பார்க்கப் போகிறோம்.