டெக்சஸில் ரோடியோ காளை வளர்ப்பு: எங்கே தொடங்குவது?

பிரேசோஸ்கரை:
வணக்கம். ஆஸ்டினுக்குக் கிழக்கே 20 ஏக்கர் மேய்ச்சல் நிலம், சுற்றிலும் முள்கம்பி வேலி. கறிமாட்டில் ஆர்வமில்லை, ரோடியோக் காளைதான், அதாவது போட்டியில் முதுகில் ஏறும் வீரரைத் துள்ளி உதறும் காளைதான் வளர்க்க ஆசை. நல்ல காளை ஒன்று வாங்கி நாலு பசுக்களோடு விட்டால் போதுமா? எந்த வயதில் பழக்குவது? துள்ளவைக்கக் கட்டும் இடுப்புக் கயிற்றை விதைப்பையில் கட்டுகிறார்கள் என்கிறார்களே, நிஜமா?

பட்டிக்காரர்:
காளையில் காசைப் போடாதீர்கள், பசுவில் போடுங்கள். பேர்போன காளைகளின் உறைவிந்து விலைக்குக் கிடைக்கிறது, சினை ஊசி போட்டுக்கொள்ளலாம். நல்ல தாய்ப்பசுவை யாரும் லேசில் விற்கமாட்டார்கள். கறிமாட்டுப் பசுவுக்கு எந்தச் சாம்பியனின் விந்தைப் போட்டாலும் கன்றுகள் பெரும்பாலும் ஓடும், துள்ளாது.

வாங்கும் பசுவுக்கு ஏபிபிஐ (ரோடியோக் காளைகளின் வம்சாவளியைப் பதிந்து போட்டியும் நடத்தும் அமெரிக்க அமைப்பு) பதிவு இருக்கவேண்டும். தாய் தகப்பனை டிஎன்ஏ சோதனையில் உறுதிசெய்துதான் பதிவார்கள். பதிவில்லாத கன்றை அவர்கள் போட்டியில் இறக்க முடியாது. "பிளம்மர் வழி" (பேர்போன ஒரு ரோடியோக் காளை வம்சம்) என்று வாயால் சொல்வதற்கெல்லாம் தனி விலை கொடுக்காதீர்கள்.

உங்கள் நிலத்துக்கு மூன்று, நான்கு பசு போதும். மழை பொய்த்தால் அதற்கே உலர்புல் வாங்கவேண்டி வரும். காலையில் பருவம் தெரிந்தால் மாலையில் ஊசி, மாலையில் தெரிந்தால் மறுநாள் காலை. விந்துக் குழலை 35 டிகிரி வெந்நீரில் 45 விநாடி உருக்கி, ஈரத்தைத் துடைத்துவிட்டு உடனே போடவேண்டும். சினைக்காலம் சுமார் 283 நாள். இரண்டு வயதுக் காளைகளை ஆள் ஏற்றாமல் துள்ளவிட்டுப் பார்க்கும் ஃப்யூச்சரிட்டிதான் நீங்கள் குறிவைக்க வேண்டிய போட்டி. ஆக, இன்று ஊசி போட்டாலும் களம் காண மூன்று வருஷம் ஆகும். அதுவரை செலவு மட்டும்தான்.

ஷூட்கதவு:
கயிறு விஷயம்: விதைப்பையை அது தொடுவதே இல்லை. மெத்தென்ற பருத்திக் கயிறு, இடுப்பெலும்புக்கு முன்னால் வயிற்றைச் சுற்றி வரும். இழுத்தால் அவிழும் முடிச்சு. ரொம்ப இறுக்கினால் காளை பின்னங்காலை உதறவே மாட்டான், அப்படியே நின்றுவிடுவான்.

பழக்கத்தை ஒரு வயதுக்கு மேல் ஆரம்பியுங்கள். முதல் சில தடவை கயிறும் வேண்டாம், ஆளுக்குப் பதிலாக முதுகில் கட்டும் பெட்டியும் வேண்டாம். ஒடுங்கிய பாதை வழியாக ஷூட்டுக்குள் (களத்தில் விடுமுன் காளையை நிறுத்தும் குறுகிய கூண்டு) ஓட்டி, நிற்கவைத்து, கதவைத் திறந்து விடுங்கள், அவ்வளவுதான். இதை அவசரப்பட்டுத் தாண்டினால் உள்ளே படுத்துக்கொள்வான், அல்லது கம்பியில் ஏறப் பார்ப்பான். அந்தக் குணம் வந்துவிட்டால் மாற்றுவது பெரும்பாடு.

பிறகுதான் முதுகில் ரிமோட் பெட்டி, 10 கிலோ சுமாருக்கு; கையிலுள்ள பொத்தானை அமுக்கினால் கழன்று விழும். ஃப்யூச்சரிட்டியில் பார்ப்பது 4 விநாடித் துள்ளல். வீட்டில் அவ்வளவு நேரம்கூட வேண்டாம். பலமாக இரண்டு மூன்று உதை உதைத்ததும் பொத்தானை அமுக்கிப் பெட்டியை விழவையுங்கள். தான் உதைத்ததால்தான் பெட்டி விழுந்தது என்று அவன் நினைக்கவேண்டும். களைத்து நின்றபின் விழவைத்தால், நின்றால் விழும் என்று கற்றுக்கொள்வான். புதிதாக வருபவர்கள் நல்ல கன்றுகளைக் கெடுப்பது பெரும்பாலும் இங்கேதான். வாரத்துக்கு இரண்டு முறை ஓட்டுவதும் அதே கெடுதல். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை தாராளம்.

இடப்பக்கக் கதவு, வலப்பக்கக் கதவு இரண்டிலும் விட்டுப் பாருங்கள், எந்தப் பக்கம் சுழல்கிறான் என்று தெரியும். மூன்று வயதுக்கு முன் ஆளை ஏற்றாதீர்கள்.

சப்பைநோய்:
முள்கம்பி காளைக்கு ஆகாது. பட்டிக்கு ஆறடி உயர இரும்புக் குழாய் அடைப்பு வேண்டும். வயதுவாரியாகப் பிரித்து அடையுங்கள். புதுக்காளையை ஒரு வாரம் பக்கத்துப் பட்டியில் வைத்துவிட்டுச் சேர்த்தால் சண்டை குறையும்.

12–14 சதவீதப் புரதமுள்ள அடர்தீவனத்தை மூன்று வாரத்தில் மெல்லக் கூட்டுங்கள். திடீரென்று கொட்டினால் வயிறு புளித்து, குளம்பு வீங்கி, அந்த சீசனே போச்சு. உலர்புல் எப்போதும் முன்னால் கிடக்கட்டும். கொழுத்த காளை துள்ளாது.

கன்றுக்கு இரண்டு மூன்று மாதத்தில் சப்பைநோய்த் தடுப்பூசி, பால் மறக்கும்போது இன்னொன்று. காளையே வாங்குவதாக இருந்தால் டிரிக்கோமோனியாசிஸ் (இணைசேரும்போது பரவும் நோய்) சோதனைத் தாளைக் கேளுங்கள். காளையிடம் எந்த அறிகுறியும் தெரியாது, பசுக்கள்தான் கருக் கலைந்து மறுபடி மறுபடி பருவத்துக்கு வரும். டெக்சஸில் 12 மாதம் தாண்டிய காளை இனப்பெருக்கத்துக்குக் கைமாறினால் அந்தச் சோதனையோ, பசு சேராத காளை என்ற சான்றோ சட்டப்படி வேண்டும்.

பிரேசோஸ்கரை:
நன்றி. கிடேரிக் கன்று பிறந்தால் விற்றுவிடலாமா?

பட்டிக்காரர்:
அவசரப்படாதீர்கள். கிடேரியையும் அதே பெட்டியோடு ஒன்றிரண்டு முறை விட்டுப் பாருங்கள். நன்றாக உதைப்பதை வைத்துக்கொண்டு மற்றதை விற்றுவிடுங்கள். பெட்டி ஓட்டம் எல்லாம் சினை ஊசிக்கு முன்பே முடிந்திருக்கவேண்டும்.