நாளைக்கு லண்டன்: பிள்ளைகளோடு ரயிலா, காரா? அவசரம்

தெப்பக்குளத்தான்: வணக்கம். இங்கிலாந்து வந்து ஐந்து மாதம் ஆகிறது. நாளை சனிக்கிழமை, டைனோசர் எலும்புக்கூடு காட்டுவதாகப் பிள்ளைகளிடம் சொல்லிவிட்டேன். போன மாதம் காரில் பிக் பென் பார்க்கப் போனதற்கு அபராதக் கடிதம் வந்து கிடக்கிறது. வழியில் டோல்கேட்டே இல்லையே, எதற்கு அபராதம்? வீட்டில் ரயில் என்கிறார்கள். டிக்கெட் விலையைப் பார்த்தால் தலை சுற்றுகிறது.

மேலூர் மாமா: தம்பி, ஐந்தே மாதத்தில் காரா? நான் 2004 ஜனவரியில் வந்தேன். சாயங்காலம் நாலரைக்கெல்லாம் கும்மிருட்டு. டவுன்ஹால் ரோட்டில் வாங்கிய ஸ்வெட்டரைப் போட்டுக்கொண்டு பஸ்ஸுக்கு நின்றேன். ஒரு மாதம் ரொட்டியும் ஜாமும்தான்.

சிம்மக்கல் அக்கா: ரயில் வேண்டவே வேண்டாம். கைக்குழந்தையோடு போனேன். வண்டி ரத்து என்று போர்டில் போட்டார்கள், இரண்டு மணி நேரம் பிளாட்பாரத்தில் குளிரில். காரென்றால் டிக்கியில் மாற்றுத்துணி, தயிர்சாதம் எல்லாம் இருக்கும். 12 வயது அல்லது 135 செ.மீ. உயரம் வரைக்கும் குழந்தை சீட் கட்டாயம், மறக்காதீர்கள்.

திருமங்கலத்தான்: அக்கா சொல்வது லண்டனுக்கு வெளியே சரி. மதுரைப் பக்கம் கப்பலூர் டோல்கேட்டில் மறித்துக் கேட்பார்கள், சண்டையாவது போடலாம். இங்கே கேமரா நம்பர் பிளேட்டைப் படம் பிடித்துக்கொள்ளும். லண்டன் நடுப்பகுதிக்குள் கார் நுழைந்தால் நாமாகப் போய் நெரிசல் கட்டணம் கட்ட வேண்டும், கட்டாவிட்டால்தான் இந்த அபராதம். சனி, ஞாயிறில் பகல் 12 முதல் மாலை 6 வரை உண்டு. டைனோசர் இருக்கும் சவுத் கென்சிங்டன் அந்த எல்லைக்குள் வராது. ஆனால் பார்க்கிங் தேடியே பாதி நாள் போய்விடும். பழைய டீசல் வண்டி என்றால் புகைக் கட்டணம் வேறு 12.50 பவுண்டு.

மேலூர் மாமா: வைகை எக்ஸ்பிரஸில் ஏறினால் காப்பி, வடை என்று ஆள் வந்துகொண்டே இருப்பான். இங்கே ரயிலில் பக்கத்து சீட்டுக்காரன் முகத்தைக்கூடத் திருப்ப மாட்டான்.

சிம்மக்கல் அக்கா: அந்த வடையை ஞாபகப்படுத்தாதீர்கள் அண்ணே.

பசுமலை டீச்சர்: எல்லாம் சரி, அவர் எந்த ஊரில் இருக்கிறார், பிள்ளைகளுக்கு என்ன வயது என்று ஒருவரும் கேட்கவில்லையே?

தெப்பக்குளத்தான்: மன்னிக்கவும். மில்டன் கீன்ஸ். மகள் 9, பையன் 4.

பசுமலை டீச்சர்: அப்படியென்றால் ரயில்தான். பையனுக்கு டிக்கெட்டே வேண்டாம், 5 வயதுக்குக் கீழே இலவசம். ஃபேமிலி ரயில்கார்டு என்ற தள்ளுபடி அட்டையை இன்றே போனில் வாங்குங்கள். வருடத்துக்கு 35 பவுண்டு. பெரியவர்களுக்கு மூன்றில் ஒரு பங்கும் மகளுக்கு 60 சதவீதமும் குறையும். சில தடவை போனாலே போட்ட காசு வந்துவிடும். லண்டன் யூஸ்டன் ஸ்டேஷனில் இறங்கி கிங்ஸ் கிராஸ் ஸ்டேஷன் வரை நடந்துவிடுங்கள், கால் மணி நேரம்கூட ஆகாது. அங்கே டியூப் என்கிற சுரங்க ரயிலில் பிக்காடில்லி லைன் ஏறினால் நேரே சவுத் கென்சிங்டன். உங்களோடு வருகிற 11 வயதுக்குக் கீழ்ப்பட்டவர்களுக்கு டியூப் இலவசம். அகலமான கேட்டில் ஒன்றாக நுழையுங்கள். ஸ்டேஷனிலிருந்து சுரங்கப்பாதை மியூசியம் பக்கம் கொண்டுபோய் விடும். அனுமதி இலவசம், ஆனாலும் நேரத்தைப் பதிவு செய்துகொள்ளுங்கள். வார இறுதியில் தண்டவாள வேலை நடக்கும், திரும்பும் வண்டியைப் புறப்படும்முன் பாருங்கள்.

தெப்பக்குளத்தான்: கார்டு வாங்கிவிட்டேன் டீச்சர். எலுமிச்சைச் சாதம் கட்டச் சொல்லியாயிற்று. அந்த அபராதம்?

திருமங்கலத்தான்: 14 நாளுக்குள் கட்டினால் பாதிதான். கடிதம் என்றைக்கு வந்தது?

தெப்பக்குளத்தான்: ஐயோ. 12 நாளாகிறது.

திருமங்கலத்தான்: முதலில் அதைக் கட்டுங்கள், அப்புறம் சாதம் கட்டலாம்.